உங்களுக்குத் தெரியுமா? குறைமாதமும் நிறைமாதமும்

வீட்டில் மாதக் கணக்கு, ஆஸ்பத்திரியில் வாரக் கணக்கு. "ஒன்பதாம் மாசம் நடக்குது" என்று மாமியார் சொல்வார். அட்டையில் "35 வாரம் 4 நாள்" என்று டாக்டர் எழுதியிருப்பார். இரண்டும் சரிதான். ஆனால் வலி வந்துவிட்டால் பேசுவது வாரக் கணக்கு மட்டுமே. ஏன் என்று பார்ப்போம்.

✱

37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதக் குழந்தை. இது உலக சுகாதார நிறுவனத்தின் கோடு. அதற்குள்ளும் படிகள் உண்டு: 32 முதல் 37 வாரம் வரை ஓரளவு குறைமாதம், 28 முதல் 32 வரை மிகக் குறைமாதம், 28-க்கும் கீழே அதிதீவிரக் குறைமாதம். குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் படியில் இருப்பவர்கள்தான்.

✱

37-ஐத் தாண்டிவிட்டால் எல்லாம் ஒன்றுதானா? அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 2013-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 37 முதல் 41 வரையிலான ஐந்து வாரத்தையும் பிரித்தது. 37, 38-வது வாரங்கள் 'முன்நிறைவு'. 39, 40-தான் முழு நிறைவு. 41 பிந்திய நிறைவு. 37-ல் பிறக்கும் குழந்தைக்கும் 39-ல் பிறக்கும் குழந்தைக்கும் மூச்சு, பால் குடிப்பு, மஞ்சள் காமாலை ஆகியவற்றில் வித்தியாசம் தெரிந்ததே காரணம்.

✱

பிரசவத் தேதியை எப்படிச் சொல்கிறார்கள்? கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டு, மூன்று மாதத்தைக் கழி. ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. ஜெர்மன் மருத்துவர் நேகலேயின் பெயரால் வழங்கும் இந்தச் சூத்திரம் 200 ஆண்டுப் பழசு. மொத்தம் 280 நாள். 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் சரியாகப் பத்து மாதம். நம் பாட்டிமாரின் கணக்கும் அதேதான்.

சொன்ன தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்றுதான். தேதி கடந்த மறுநாளே பதறிக்கொண்டு போன் மேல் போன் போடும் உறவினர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்கலாம்.

✱

கோள்களின் பாதையைக் கணக்கிட்ட யோஹான்னஸ் கெப்ளர், தான் தாயின் வயிற்றில் இருந்த காலத்தையும் கணக்கிட்டு எழுதி வைத்தார்: 224 நாள், 9 மணி, 53 நிமிடம். அதாவது தான் ஒரு குறைமாதக் குழந்தை என்று பதிவு செய்தார். கரு உண்டானதிலிருந்து எண்ணிய கணக்கு இது. இன்றைய முறையில் இரண்டு வாரம் கூட்டினால் 34 வாரம் வருகிறது. நிமிடம்வரை எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். அவர் ஜோதிடரும்கூட.

வின்ஸ்டன் சர்ச்சிலும் குறைமாதம் என்றே சொல்லப்பட்டார். பெற்றோர் மணம் முடித்தது 1874 ஏப்ரல், பிள்ளை பிறந்தது அதே ஆண்டு நவம்பர். ஊர் வாய் லண்டனிலும் சும்மா இருக்கவில்லை.

✱

"ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது." இது நம் ஊர் நம்பிக்கை மட்டும் என்று நினைத்தால் தவறு. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களில் எட்டு மாதக் குழந்தையைப் பற்றித் தனி நூலே உண்டு. எட்டில் பிறப்பது ஆகாது என்பதே அதன் பேச்சும்.

உண்மை நேர் எதிர். ஒவ்வொரு வாரமும் குழந்தையின் பக்கமே சேர்கிறது. 30 வாரத்தைவிட 32 நல்லது, 32-ஐவிட 34 நல்லது. இதில் விதிவிலக்கான மாதம் எதுவும் கிடையாது. எட்டாம் மாதம் வலி வந்த பெண்ணிடம் இந்தப் பழமொழியை எடுத்துவிடும் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

✱

"சின்னக் குழந்தைதானே, வலி கம்மியா இருக்கும்." இதுவும் அடிக்கடி கேட்பது. இது பாதி உண்மைகூட இல்லை.

பிரசவ வலியில் பெரும்பகுதி கர்ப்பப்பை இறுகுவதாலும் கர்ப்பப்பை வாய் விரிவதாலும் வருவது. 30 வாரத்திலும் இறுகுவது அதே தசைதான். நிறைமாதத்தில் கர்ப்பப்பை வாய் பல வாரங்களாகவே மெல்ல மெல்லக் குழைந்து, தயாராகி நிற்கும். குறைமாதத்தில் அந்தத் தயாரிப்புக்கு நேரம் கிடைத்திருக்காது. சில பெண்களுக்கு அதற்கு எதிர்மாறாக, வலியே தெரியாமல் வாய் திறந்துகொண்டுவிடும். இடுப்பில் லேசான கனம் என்று வந்து படுத்தவருக்குப் பனிக்குடம் பிதுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள் மருத்துவர்கள்.

முக்கித் தள்ளும் கட்டம் வேண்டுமானால் குறையலாம். தலை சிறியது என்பதால் 10 சென்டிமீட்டர் முழுக்க விரியும் முன்பே சில குழந்தைகள் வந்துவிடுவதுண்டு. தையல் போடும் தேவையும் குறைவு. ஆனால் அந்த வேகம் குழந்தைக்கு நல்லதல்ல. 32 வாரத்துக்கு முந்திய மூளையின் உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. அழுத்தம் சட்டென்று மாறினால் கசியக்கூடும். அதனால்தான் 34 வாரத்துக்குக் கீழே வேக்கம் கருவியைத் தலையில் பொருத்த மாட்டார்கள். நஞ்சுக்கொடி தானாகப் பிரியாமல் உள்ளேயே தங்குவதும் குறைமாதத்தில்தான் அதிகம். கையால் எடுக்க வேண்டிவரும்.

மிகப் பெரிய வித்தியாசம் பிறந்த பிறகுதான். நிறைமாதக் குழந்தை அழுதுகொண்டே அம்மாவின் மார்புக்குப் போகும். குறைமாதக் குழந்தையை அம்மா ஒரு பார்வை பார்ப்பதற்குள் வேறு அறைக்குக் கொண்டுபோவார்கள். அம்மாவுக்கோ உதிரப்போக்கு, பால் கட்டுவது எல்லாமே நிறைமாதத்தாருக்கு உள்ளது போலத்தான். ஒரு கிலோ குழந்தையைப் பெற்றவளும் முழுப் பிரசவம் ஆனவள். அவளுக்கும் அதே ஓய்வும் சாப்பாடும் வேண்டும். "குழந்தை ஆஸ்பத்திரியில்தானே இருக்கு, உனக்கென்ன வேலை" என்று கேட்பவர்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் பீச்சிக் கொடுத்துப் பார்த்ததில்லை.

✱

சூட்டு வலியா, பிரசவ வலியா? சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்த்து முடிவு செய்வது நம் வீட்டு வழக்கம். 39 வாரத்தில் அந்தப் பொறுமை பெரிய தீங்கு செய்யாது. 32 வாரத்தில் செய்யும். ஒரு மணி நேரத்தில் நாலைந்து முறைக்கு மேல் வயிறு கல்லாக இறுகினாலோ, இடுப்பு வலி விட்டு விட்டு வந்தாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, கீழே இறங்குவது போல அழுத்தம் தெரிந்தாலோ கஷாயத்துக்கு அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

✱

28-வது வாரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு குழந்தை தலை மேலே, புட்டம் கீழே என்றுதான் இருக்கும். நிறைமாதத்துக்குள் பெரும்பாலானவை குட்டிக்கரணம் போட்டுத் திரும்பிவிடும். நூறில் மூன்று நாலுதான் மிச்சம். முன்கூட்டியே வலி வந்தால் திரும்ப நேரம் கிடைக்காமல் போகிறது. குறைமாதத்தில் சிசேரியன் கூடுவதற்கு இது ஒரு காரணம்.

அந்த சிசேரியனும் ஒன்றல்ல. நிறைமாதத்தில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரிந்து மெல்லியதாகியிருக்கும், அங்கே குறுக்காக வெட்டுவார்கள். மிக முன்னதாக என்றால் அந்தப் பகுதியே உருவாகியிருக்காது. சில சமயம் கர்ப்பப்பையை நெடுக்காக வெட்ட நேரும். அப்படி வெட்டப்பட்டவர்கள் அடுத்த பிரசவத்தில் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது, தழும்பு விட்டுவிடும் ஆபத்து அதிகம். வயிற்றின் மேல் தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

✱

பிறந்த உடனே பாலிதீன் பை! 32 வாரத்துக்குக் குறைந்த குழந்தையை ஈரத்தோடு அப்படியே, தலை மட்டும் வெளியே தெரிய, சுத்தமான பிளாஸ்டிக் பைக்குள் வைக்கிறார்கள். தோல் காகிதம்போல் மெல்லியது, உடலின் நீரும் சூடும் அதன் வழியே பறந்துவிடும். நிறைமாதக் குழந்தைக்கு இருக்கும் 'பழுப்புக் கொழுப்பு', அதாவது நடுங்காமலேயே சூடு தரும் கொழுப்பு, இவர்களிடம் மிகக் குறைவு. அது சேர்வது கடைசி வாரங்களில்.

✱

தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டுவது எல்லாக் குழந்தைக்கும் நல்லது. குறைமாதக் குழந்தைக்கு அது உயிர் காக்கும் விஷயம். ஒரு கிலோ குழந்தையின் உடலில் ஓடும் மொத்த ரத்தம் 90 முதல் 100 மில்லி, ஒரு சின்ன காபி டம்ளர் அளவு. கொடி வழியாக வரும் சில மில்லிகூட அதில் பெரிய பங்கு.

✱

தேதி தெரியாவிட்டாலும் உள்ளங்காலைப் பார்த்து வாரத்தைச் சொல்வார்கள். நிறைமாதக் குழந்தையின் பாதம் முழுக்க ரேகை ஓடும். குறைமாதக் குழந்தையின் பாதம் வழவழ. காது மடலை மடித்துவிட்டால் நிறைமாதக் குழந்தைக்கு உடனே நிமிரும், குறைமாதத்தில் மடிந்தபடியே நிற்கும். நிறைமாதக் குழந்தை கைகாலை மடக்கிக்கொண்டு கிடக்கும். மற்றது நீட்டிப் பரப்பிக்கொண்டு கிடக்கும். இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறைக்கு பாலார்ட் அளவீடு என்று பெயர். பிறந்த உடனே ஒரு பரீட்சை.

✱

35 வாரம் ஆகிவிட்டது, இனி எடை ஏறுவது மட்டும்தான் பாக்கி என்று நினைப்பதுண்டு. 35-வது வாரத்தில் மூளையின் எடை நிறைமாத மூளையில் மூன்றில் இரண்டு பங்குதான்.

✱

அம்மாவிடமிருந்து குழந்தைக்குப் போகும் இரும்புச்சத்து, கால்சியம், நோய் எதிர்ப்புப் புரதங்கள் எல்லாவற்றிலும் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் போகிறது. குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களிலேயே இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதுவதற்குக் காரணம் இதுவே.

✱

1963 ஆகஸ்ட் 7. அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்னதாக வந்தவன், எடை சுமார் 2.1 கிலோ. இன்றைக்கு நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அந்த எடையும் வாரமும் கொண்ட குழந்தையைப் பார்த்தால் செவிலியர்கள் பெரிதாகப் பதற மாட்டார்கள். ஆனால் அன்று உலகின் ஆற்றல்மிக்க நாட்டின் அதிபர், பாஸ்டனின் சிறந்த மருத்துவர்கள், உயர் அழுத்த ஆக்ஸிஜன் அறை என எல்லாம் இருந்தும் குழந்தை 39 மணி நேரம்தான் உயிரோடு இருந்தது.

நுரையீரலின் நுண்ணறைகள் மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழவழப்பான பூச்சு வேண்டும். சர்ஃபாக்டன்ட் என்பார்கள். அது போதிய அளவு சுரப்பது 34, 35-வது வாரங்களில். இல்லாத குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் நுரையீரலைப் புதிதாகப் பிரிக்க வேண்டும், சில மணி நேரத்தில் களைத்துவிடும். இந்தப் பூச்சு இல்லாததுதான் காரணம் என்று மேரி எலன் ஏவரி என்ற பெண் மருத்துவரும் ஜெரி மீடும் 1959-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் கையில் மருந்து இல்லை. 1980-ல் ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்டை விட்டுப் பலன் காட்டினார். கென்னடியின் மகனுக்கு அது 17 ஆண்டு தாமதம்.

✱

அம்மாவுக்கு ஊசி, குழந்தைக்கு நுரையீரல். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மாண்ட் லிகின்ஸ், ஆடுகளுக்குப் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த ஆட்டின் குறைமாதக் குட்டி ஒன்று செத்துப்போயிருக்க வேண்டும், மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. அதிலிருந்து பிடித்து ராஸ் ஹோவியுடன் சேர்ந்து பெண்களிடம் ஆய்வு நடத்தி 1972-ல் வெளியிட்டார். பரவலாக ஏற்றுக்கொள்ள மருத்துவ உலகுக்கு மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆதாரங்களைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் இருக்கும் கோடுகள் இந்த ஊசி பற்றிய ஆய்வு முடிவுகளின் வரைபடம்தான்.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு விலை மிகக் குறைந்த மருந்து. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. 34 வாரத்துக்குள் வலி வந்த பெண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே முதல் ஊசியைப் போட கிராம சுகாதாரச் செவிலியருக்கும் இந்திய அரசு 2014-ல் அனுமதி தந்தது. வலியை நிறுத்த மாத்திரை கொடுப்பதும் பெரும்பாலும் இந்த ஊசி வேலை செய்யத் தேவையான 48 மணி நேரத்தைச் சம்பாதிக்கத்தான். மாதக்கணக்கில் தள்ளிப்போட அல்ல.

✱

நல்ல நேரம் பார்த்து சிசேரியன் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் 44.9 சதவீதம் சிசேரியன் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. மருத்துவக் காரணம் உள்ளவர்களைப் பற்றிப் பேச்சில்லை. சித்திரை பிறப்பதற்குள் எடுத்துவிட வேண்டும், ரோகிணி கூடாது, அத்தை ஊருக்குப் போகுமுன் முடிந்துவிட்டால் தேவலை என்று 37-வது வாரத்தில் தேதி குறிப்பதுதான் பிரச்சினை. பிரசவ வலி வரும்போது குழந்தையின் உடலில் அட்ரினலின் பெருகி, நுரையீரலில் நிரம்பிய நீரை வற்றச் செய்கிறது. வலி வருமுன் எடுக்கும் குழந்தைக்கு அந்த உதவி இல்லை. அதனால் வேகமூச்சு வாங்கி, கண்ணாடி அறைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். 39 நிறையாமல் காரணமின்றி எடுக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதைவிட மேலான முகூர்த்தம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

✱

எடை குறைவு வேறு, குறைமாதம் வேறு. 2.5 கிலோவுக்குக் கீழே என்றால் எடை குறைந்த குழந்தை. நம் நாட்டில் அவர்களில் பலர் நிறைமாதத்தில் பிறந்து, வயிற்றுக்குள் சரியாக வளராதவர்கள். சர்க்கரை நோயுள்ள தாய்க்கு 35 வாரத்திலேயே 3 கிலோக் குழந்தை பிறக்கும். தோற்றத்தில் புஷ்டி, நுரையீரலில் குறைமாதம். தராசைப் பார்த்து ஏமாறக்கூடாது.

✱

இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கும் மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன. 40 வாரம்வரை காத்திருக்கும் இரட்டையர் அபூர்வம்.

✱

நியூயார்க்கின் கோனி தீவு. ஒரு பக்கம் ராட்டினம், இன்னொரு பக்கம் சர்க்கஸ். நடுவே ஓர் அரங்கில் "உயிருள்ள குழந்தைகள்" என்று விளம்பரம்! 25 சென்ட் கொடுத்து உள்ளே போனால் இன்குபேட்டர்களில் வரிசையாகக் குறைமாதக் குழந்தைகள். மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை நடத்திய காட்சி இது. கேட்கவே கூசுகிறது அல்லவா? ஆனால் அன்று பெரும்பாலான அமெரிக்க மருத்துவமனைகள் இந்தக் குழந்தைகளைப் பிழைக்காது என்று கைவிட்டிருந்தன. கூனி பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. டிக்கெட் பணத்தில் செவிலியர், தாய்ப்பால் கொடுக்கும் பெண்கள், சுத்தமான அறை எல்லாம் நடந்தன. சுமார் 8,000 குழந்தைகளை ஏற்று 6,500 பேரைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அவருடைய மகளே குறைமாதத்தில் பிறந்து, வளர்ந்து அங்கேயே செவிலியராக வேலை பார்த்தார். கூனி உண்மையில் டாக்டருக்குப் படித்தாரா என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை! போலி டாக்டர்களை எனக்கும் பிடிக்காது, இவரைத் தவிர.

✱

இன்குபேட்டருக்கே முன்னோடி கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி. பாரீஸ் விலங்குக் காட்சிசாலையில் அதைப் பார்த்த ஸ்டெஃபான் டார்னியே என்ற மகப்பேறு மருத்துவர், குழந்தைகளுக்கும் ஒன்று செய்யச் சொன்னார். 1880-களின் தொடக்கத்தில் அவருடைய மருத்துவமனையில் 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளின் இறப்பு 66-லிருந்து 38 சதவீதமாகக் குறைந்தது. வெறும் சூட்டினால்.

✱

மின்சாரமே தேவைப்படாத இன்குபேட்டர் அம்மாவின் மார்பு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-ல் படுக்கையும் கருவியும் போதாமல் திண்டாடிய எட்கர் ரே என்ற மருத்துவர், குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு கட்டிவிடச் சொன்னார். இதுதான் கங்காரு பராமரிப்பு. ஏழை நாட்டு மாற்று ஏற்பாடு என்று முதலில் இளக்காரமாகப் பார்த்தார்கள். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கெடுத்த ஐந்து நாட்டு ஆய்வு 2021-ல் வெளியானது: குழந்தை நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்த உடனே தொடங்கினால் இறப்பு 25 சதவீதம் குறைகிறது. இப்போது ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அப்பா, பாட்டி, சித்தி யாரும் செய்யலாம். நம் ஊரில் அப்பாக்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வார்டில் உட்கார வெட்கப்படுகிறார்கள். வெட்கத்துக்கு அது இடமில்லை.

✱

குறைமாதம் பெற்றவளுக்குப் பால் ஊறாது என்பார்கள். மார்பு கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே தயாராகிவிடும். முதல் சில வாரங்களில் அவள் பாலில் புரதமும் உப்பும் எதிர்ப்புப் பொருள்களும் நிறைமாதத் தாயின் பாலைவிட அதிகம். ஆனால் உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடும் மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யக் குழந்தைக்கு 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை குழாய், பிறகு பாலாடை. ஆம், நம் வீட்டுப் பாலாடைதான்! அரசின் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புக் கையேட்டிலேயே அது இடம்பெற்றிருக்கிறது.

தாய்க்குப் பால் போதாவிட்டால் தாய்ப்பால் வங்கி. ஆசியாவின் முதல் வங்கியை மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் தொடங்கியவர் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் வங்கிகள் இயங்குகின்றன.

✱

காபி குடிக்கும் குழந்தைகள்! குறைமாதக் குழந்தை திடீரென்று மூச்சு விட மறந்துவிடும். 20 விநாடிக்கு மேல் போனால் இயந்திரம் அலறும், செவிலியர் பாதத்தைச் சுண்டிவிடுவார். மறதிக்கு மருந்து கஃபீன், காபியில் இருக்கும் அதே சரக்கு. நீங்களாக ஃபில்டர் காபி கொண்டுபோய்விடாதீர்கள். அளவு மில்லிகிராமில்.

✱

1956-ல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற செவிலியர், குறைமாதக் குழந்தைகளைத் தோட்டத்து வெயிலுக்கு எடுத்துப்போவார். ஒரு நாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்திருக்க, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது. காமாலைக்கு நீல விளக்கு சிகிச்சை பிறந்தது அந்தக் கவனிப்பிலிருந்து. நிறைமாதக் குழந்தைக்குக் காமாலை மூன்று முதல் ஐந்தாம் நாளில் உச்சம். குறைமாதத்தில் இன்னும் தாமதமாக ஏறி, மெதுவாக இறங்கும். குறைந்த அளவிலேயே மூளையைத் தாக்கவும் கூடும். அதனால் மொட்டை மாடி வெயிலை நம்ப வேண்டாம்.

✱

பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-ல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்தவர். இன்குபேட்டரில் ஆக்ஸிஜன் மிகுந்து விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை போனது. காரணம் தெரிந்து ஆக்ஸிஜனை இறுக்கிப் பிடித்தபோது மூச்சுத் திணறி இறந்த குழந்தைகள் கூடின. இன்று அளந்து கொடுக்கிறார்கள்.

34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் கீழே பிறந்த எல்லாக் குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை அவசியம். 28 வாரத்துக்கும் குறைவு என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. குழந்தை வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், தாமதித்தால் மீட்க முடியாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது யாரும் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

✱

பச்சிளங்குழந்தை வார்டில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. இன்குபேட்டரின் மேல் ஃபைலைத் தொப்பென்று போட்டாலே தாண்டிவிடும்.

✱

கர்ப்பப்பை வாய் வலுவிழந்து திறந்துகொள்ளும் பெண்களுக்குத் தையல் போட்டுக் காப்பாற்றலாம் என்று உலகுக்குக் காட்டியவர் மும்பை மருத்துவர் வி.என். ஷிரோத்கர். உலகெங்கும் அதற்கு 'ஷிரோத்கர் தையல்' என்றே பெயர். 1955-ல் அவர் அதைப் பற்றி எழுதியது லண்டன் இதழில் அல்ல, சென்னையிலிருந்து வந்த 'ஆன்டிசெப்டிக்' என்ற மருத்துவ இதழில்! 12 முதல் 14 வாரத்தில் போட்டு, 37 வாரம் நெருங்கும்போது பிரிப்பார்கள்.

✱

இதுவரை பிழைத்ததிலேயே மிகக் குறைந்த வாரம் 21. அமெரிக்காவின் அயோவாவில் 2024 ஜூலையில் 283 கிராம் எடையோடு பிறந்த குழந்தை, ஓராண்டு நிறைவைக் கொண்டாடி கின்னஸில் இடம்பிடித்தது. இது செய்தி. நடப்பு வேறு: வசதி படைத்த நாடுகளில் 28 வாரக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பிழைக்கின்றன, ஏழை நாடுகளில் 32 வாரக் குழந்தைகளிலேயே பாதி இறந்துபோகின்றன. 2020-ல் உலகில் பிறந்த குறைமாதக் குழந்தைகள் ஏறக்குறைய 1.34 கோடி, அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம்.

✱

குறைமாதக் குழந்தைக்கு வயதுக் கணக்கு இரண்டு. பிறந்த நாளிலிருந்து எண்ணுவது ஒன்று. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவது இன்னொன்று. தலை நிற்பது, குப்புற விழுவது, நடப்பது எல்லாவற்றையும் இரண்டாவதை வைத்தே பார்க்க வேண்டும், இரண்டு வயதுவரை. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை ஆறு மாதத்தில் செய்வது, பக்கத்து வீட்டு நிறைமாதக் குழந்தை நான்கு மாதத்தில் செய்வதற்குச் சமம். தடுப்பூசிக்கு மட்டும் முதல் கணக்கு: பிறந்த தேதிப்படியே போட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

✱

பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல், பிறந்ததும் தீவிரப் பிரிவில் சேர்க்கப்பட்ட குழந்தையின் பெற்றோருக்கு, வழக்கமான பிரசவ விடுப்புக்கு மேல் 12 வாரம் வரை தனி விடுப்பு உண்டு. இந்தியாவில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. ஆனால் முன்பு 1961 மகப்பேறு பயன் சட்டத்தின் 10-வது பிரிவாக இருந்த ஓர் உரிமை பலருக்குத் தெரிவதில்லை: குறைமாதப் பிரசவத்தால் உடல்நலம் கெட்ட பெண்ணுக்கு, 26 வார விடுப்புக்கு மேல் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு கூடுதல் விடுப்பு கிடைக்கும். மருத்துவச் சான்று இணைத்து விண்ணப்பியுங்கள்.